சிவாலய ஓட்டம் என்றால் என்ன? ஓடுவது யார், துரத்துவது யார்?

மாசி மாதம் சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மஞ்சளும் காவியுமாக வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையில் பனையோலை விசிறியோடு, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கூட்டம் ஓடுகிறதே, போவது சிவன் கோயிலுக்குத்தானே, அப்புறம் ஏன் “கோவிந்தா... கோபாலா...” என்று கத்துகிறார்கள்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சிவாலய ஓட்டம் பாதி புரிந்த மாதிரி.

முதலில் விஷயம் என்னவென்று நேராகச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பாதியில், அதாவது கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில், பன்னிரண்டு பழைய சிவன் கோயில்கள் இருக்கின்றன. சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறை திருமலையில் புறப்பட்டு, ராத்திரி முழுக்க ஓடி, மறுநாள் சிவராத்திரி அன்று ராத்திரிக்குள் திருநட்டாலம் போய்ச் சேர வேண்டும். இடையில் ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும், குளித்த ஈரத்தோடேயே அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். மொத்த தூரம் சுமார் 110 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். ஓடுகிறவர்களுக்குக் ‘கோவிந்தன்மார்’ என்று பெயர். சிவராத்திரிக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிற அளவுக்கு இது இங்கே பெரிய விசேஷம். கேரளத்திலிருந்தும் களியக்காவிளை தாண்டி நிறையப் பேர் வருவார்கள், மலையாளக் கணக்கில் மாசிக்குக் கும்பம் என்று பெயர், அதனால் அவர்களுக்கு இது கும்ப மாதத்துச் சிவராத்திரி.

இனி கதை. தர்மர் ஒரு யாகம் நடத்துகிறார். அதற்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும் என்பார்கள் சிலர், புருஷாமிருகத்தையே அழைத்து வர வேண்டும் என்பார்கள் சிலர். எங்கள் பக்கம் இரண்டு விதமாகவும் கேட்கலாம். மனித முகமும் மிருக உடம்பும் கொண்ட புருஷாமிருகம் மகா சிவபக்தர். வியாக்கிரபாத முனிவர்தான் அது என்றும் சொல்வார்கள். சிவபக்தர் என்றால் சாதாரண பக்தி இல்லை, விஷ்ணுவின் பெயர் காதில் விழுந்தாலே பொறுக்காது, அந்த ரகம். இந்தப் பக்கம் பீமனுக்கோ தன்னைவிடப் பலசாலி உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்தக் கிருஷ்ணர் முடிவு செய்து, பீமன் கையில் பன்னிரண்டு ருத்திராட்சத்தைக் கொடுத்து, “ஆபத்து வந்தால் ஒன்றைக் கீழே போடு” என்று சொல்லி அனுப்புகிறார்.

முன்சிறை திருமலையில் புருஷாமிருகம் தவத்தில் இருக்கிறது. பீமன் பக்கத்தில் போய் “கோவிந்தா, கோபாலா” என்று உரக்கக் கூப்பிடுகிறான். தவம் கலைகிறது, கோபம் தலைக்கேறுகிறது, புருஷாமிருகம் பாய்கிறது. பிடித்த பிடியில் பலசாலி பீமனுக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு ருத்திராட்சத்தைப் போடுகிறான். விழுந்த இடத்தில் அது சிவலிங்கமாகிறது. லிங்கத்தைக் கண்டால் புருஷாமிருகத்துக்கு வேறு நினைப்பு ஓடாது, உடனே குளிக்கப் போகிறது, பூசை செய்ய உட்கார்கிறது. அந்த நேரத்தில் பீமன் ஓட்டம் பிடிக்கிறான். பூசை முடிந்ததும் அது மறுபடி துரத்துகிறது, பிடிக்கிறது, இன்னொரு ருத்திராட்சம், இன்னொரு லிங்கம், இன்னொரு குளியல். இப்படியே பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவது ருத்திராட்சம் விழுகிற இடம் நட்டாலம்.

அங்கே பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே இருக்கிற பாதி உடம்பு எனக்குத்தான் என்று புருஷாமிருகம் வாதாட, வழக்குத் தர்மரிடமே போகிறது. சொந்தத் தம்பி என்றும் பார்க்காமல் தர்மர் ‘பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் கிருஷ்ணர் வருகிறார், அரியும் சிவனும் ஒன்று என்று காட்டுகிறார், பீமனின் செருக்கும் போகிறது, புருஷாமிருகத்தின் வெறுப்பும் போகிறது. நட்டாலத்தில் பாதி சிவனும் பாதி விஷ்ணுவுமான சங்கரநாராயணருக்குக் கோயில் இருப்பது இதனால்தான் என்பது ஊர் நம்பிக்கை.

வியாச பாரதத்தில் தேடினால் இந்தக் கதை கிடைக்காது. ஊர்களில் வளர்ந்த பாரதக் கதை இது. ஆனால் புருஷாமிருகம் இங்கே மட்டும் உள்ள ஆள் இல்லை. தென்னாட்டுக் கோயில் தூண்களைக் கவனித்துப் பார்த்தால், தாடியும் சடையும் வைத்த மனிதத் தலையோடு நாலு கால் உடம்பு ஒன்று லிங்கத்துக்குப் பூசை செய்வது போலச் சிற்பம் கண்ணில் படும். பெரும்பாலானவர்கள் அதை யாளி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சரி, கதையைச் சொன்னாயிற்று. இனி எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ‘கோவிந்தா கோபாலா’ என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கதையில் யார்? பீமன். அப்படியானால் பக்தர்கள் பீமன் வேஷத்தில் ஓடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் விளக்கம் சொல்வார்கள். ஆனால் கோயில் கண்டதும் நின்று, குளத்தில் முங்கி, லிங்கத்துக்கு முன்னால் போய்க் கும்பிடுவது யார்? பீமனுக்கு அதற்கு நேரமே இல்லையே, அவன் ருத்திராட்சத்தைப் போட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன். குளித்ததும் பூசை செய்ததும் துரத்தி வந்த புருஷாமிருகம். ஆக, ரோட்டில் இருக்கும்வரை ஓடுகிறவர் பீமன், கோயில் வாசலில் கால் வைத்ததும் அவரே புருஷாமிருகம், திரும்ப ரோட்டில் இறங்கினால் மறுபடி பீமன். ஒரே ஆள் ஒரு ராத்திரியில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறி நடித்துத் தீர்க்கிறார். அரியும் சிவனும் ஒன்று என்று வாயால் சொல்வது சுலபம், அதைக் காலாலும் ஈர வேட்டியாலும் சொல்ல வைத்தவர் யாரோ பெரிய புத்திசாலி.

கோயில்களை வரிசையாகச் சொன்னால்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மேற்கே கேரள எல்லையோரம் தொடங்கி, மலையடிவாரம் வரை ஏறி, தெற்கே பத்மநாபபுரம், வில்லுக்குறி வரை இறங்கி, மறுபடி மேற்கே திரும்புகிறது பாதை. முதல் கோயிலான திருமலைக்கும் கடைசிக் கோயிலான நட்டாலத்துக்கும் நேராகப் பார்த்தால் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. பீமனுக்கு வழி தெரிந்திருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்!

ஒவ்வொரு கோயிலுக்கும் இந்தப் பொதுக் கதை போகத் தனிக் கதையும் உண்டு. எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது, சிலதை மட்டும் சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் இருக்கிற திக்குறிச்சியில் நந்தி கிடையாது. அங்கே இருந்த நந்தி ராத்திரியில் எழுந்து போய் ஊரார் பயிரையெல்லாம் மேய்ந்து தொந்தரவு கொடுத்ததாகவும், தந்திரி ஒருவர் அதை ஆற்றுக் கயத்தில், அதாவது ஆழமான மடுவில், இறக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். (குமரியில் பாயும் தாமிரபரணி வேறு, திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. வெளியூர் நண்பர்கள் இங்கே வந்துதான் குழம்புவார்கள்.) கோதையாற்று அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் திற்பரப்பில் சுவாமி மேற்கு பார்த்து இருக்கிறார். தட்ச யாகத்தை அழித்த வீரபத்திரரின் உக்கிர வடிவம் என்பதால் நந்தியும் நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி இருக்கிறது. அருவியில் குளிக்க வருகிற சுற்றுலாக் கூட்டத்தில் பாதிப் பேர் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது என் வருத்தம். பன்னிப்பாகத்தில் அர்ச்சுனனோடு பன்றிக்காகச் சண்டை போட்ட கிராதமூர்த்தி. மேலாங்கோட்டில் மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலகாலர். திருப்பன்றிக்கோட்டில் வராக அவதாரத்தின் கொம்பை முறித்த சிவன். கல்குளத்தில் நீலகண்டசுவாமி, கூடவே ஆனந்தவல்லி அம்மன். கோயில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரை ஆண்டவர்கள் இருந்த இடம் அது. அதற்கும் முன்னால் தலைநகராக இருந்தது வரிசையில் பத்தாவதாக வரும் திருவிதாங்கோடு.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தஞ்சாவூர், மதுரைப் பக்கத்துக் கோயில்களில் பழகியவர்கள் முதல்முறை இங்கே வரும்போது தடுமாறிப் போவார்கள். பெரும்பாலும் பெரிய கோபுரம் இருக்காது, ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரைதான். உள்ளே ஸ்ரீகோயில் என்கிற கருவறை, அதைச் சுற்றி நாலம்பலம் என்கிற சுற்று மண்டபம், வெளியே பலிக்கல். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சகரைப் போற்றி என்றுதான் கூப்பிடுவார்கள். பூசை முறைகளில் கடைசி வார்த்தை சொல்பவர் தந்திரி. பிரசாதத்தைப் போற்றி கையில் தொட்டுத் தரமாட்டார், எட்ட நின்று உங்கள் உள்ளங்கையில் போடுவார். கிழக்கே கூட்டம் முண்டியடிக்கிற தீபாராதனைச் சத்தமும் இங்கே கொஞ்சம் குறைவு. எல்லாவற்றையும் விட முக்கியம், சுவாமியை முழுச் சுற்று சுற்றக் கூடாது. அபிஷேக நீர் வெளியே விழுகிற ஓவு வரைக்கும் போய், அதைத் தாண்டாமல் வந்த வழியே திரும்பி, மறுபக்கமாக அதே இடம் வரை வர வேண்டும். மற்ற ஊர்களில் பிரதோஷத்தன்று சிலர் செய்கிற சோமசூத்திரப் பிரதட்சிணம் இங்கே தினசரி வழக்கம். தெரியாமல் முழுச் சுற்று வருகிறவர்களைப் பாட்டிமார் யாராவது கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள், பயப்பட வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அன்றைக்குத்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நிர்வாகம் மாறியது, பூசை முறை மாறவில்லை.

பன்னிரண்டில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் திருநந்திக்கரை என்பேன். குலசேகரத்திலிருந்து கொஞ்ச தூரம், வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம், பக்கத்தில் ஆறு. ஓட்டக்காரர்கள் கும்பிடுவது அங்கிருக்கும் மகாதேவர் கோயிலில். அதை ஒட்டி நிற்கிற பாறையைக் குடைந்து செய்த பழைய குகைக் கோயில் ஒன்று இருக்கிறது, தொல்லியல் துறை பாதுகாப்பில். முன்னால் தூண் வைத்த மண்டபம், உள்ளே லிங்கம், அவ்வளவுதான் அளவு. சுவரில் ஒரு காலத்தில் ஓவியம் நிறைய இருந்திருக்கிறது. இப்போது மிச்சம் இருப்பது சில கோடுகளும் மங்கின சிவப்பும்தான், கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாக நின்றால்தான் ஒரு முகமோ நகையின் வளைவோ பிடிபடும். வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. ராசராச சோழனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், அவன் பிறந்த ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாட நிலம் விட்ட செய்தி வருகிறது. பெரிய கோயில் கட்டின மன்னனுக்குத் தஞ்சாவூரிலிருந்து இத்தனை தூரத்தில், ஒரு மலையடிவாரக் கிராமத்தில் பிறந்தநாள் விழா! இந்தக் குகை முதலில் சமணர்களுடையதாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதும் உண்டு. வட்டாரத்தில் சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, அதே மலைக்கோயில்தான் பின்னால் பகவதி கோயில் ஆனது. அதனால் அந்தப் பேச்சை ஒதுக்கித் தள்ள முடியாது.

ஓட்டக்காரர்கள் இதையெல்லாம் பார்க்க நிற்பதில்லை, அவர்கள் திருநந்திக்கரைக்கு வரும்போது பெரும்பாலும் நடு ராத்திரி அல்லது விடியற்காலை.

ஓடுவது எப்படி என்று இனி பார்ப்போம். சிவராத்திரிக்குச் சில நாள் முன்னாலேயே விரதம் தொடங்கிவிடும். இடுப்பில் சின்னத் துணிப் பை ஒன்று, திருநீறும் வழிச் செலவுக்கும் காணிக்கைக்குமான காசும் அதில். விசிறியைப் பார்த்துப் பலர் வேர்வைக்கு வீசிக்கொள்ள என்று நினைக்கிறார்கள். அது சுவாமிக்கு, சன்னதி முன்னால் நின்று வீச. வழியில் கிடைக்கிற சாப்பாடுதான் சாப்பாடு. வீட்டு வாசலிலும் சந்திப்பிலும் பந்தல் போட்டு மோர், பானகம், சுக்குக் காப்பி, கஞ்சி என்று அண்டா அண்டாவாக வைத்துக்கொண்டு, “சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து நிறுத்துவார்கள்.

கஷ்டம் எங்கே வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். மூச்சு வாங்குவது பெரிய விஷயமில்லை, ராத்திரிக் குளிர்கூடச் சமாளிக்கலாம். ஈர வேட்டிதான் வில்லன். குளித்துக் குளித்து ஓடும்போது நனைந்த துணி தொடையில் உரசி உரசித் தோலை எடுத்துவிடும், ஐந்தாவது ஆறாவது கோயிலில் பலர் காலை அகட்டி அகட்டி நடப்பது இதனால்தான். தேங்காய் எண்ணெயை நன்றாகத் தடவிக்கொண்டு கிளம்புங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதைக் கேளுங்கள். அடுத்தது வெறுங்கால். ராத்திரி இதமாக இருக்கிற அதே தார் ரோடு, மறுநாள் உச்சிப் பொழுதில் வில்லுக்குறி, தக்கலைப் பக்கம் உள்ளங்காலைப் பொரித்துவிடும். அந்த நேரத்தில் ரோட்டின் ஓரத்து மண்ணிலும் புல்லிலும் இறங்கி ஓடுவதில் வெட்கமே வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் தனியாக ஓடாமல், பலமுறை போய் வந்த குழுவோடு சேர்ந்துகொள்வது நல்லது. குறுக்கு வழி, இடவழி, எந்தக் குளத்தில் படி வழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ‘ஓட்டம்’ என்று பெயர் இருக்கிறதே தவிர நூறு கிலோமீட்டருக்கு மேல் யாரும் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஓடுவார்கள், நடப்பார்கள், திண்ணை கண்டால் பத்து நிமிடம் சாய்வார்கள், யாராவது “கோவிந்தா” என்று ஆரம்பித்தால் “கோபாலா” என்று எழுந்துவிடுவார்கள்.

இப்போது ஓடுகிறவர்களைவிட வண்டியில் போகிறவர்கள் அதிகம். சிவராத்திரி அன்று காலையில் கிளம்பிக் குடும்பத்தோடு வேனிலும் காரிலும் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் அதுதான் வழி, அதில் தப்பே இல்லை. ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்ட பைக்கில் மூன்று பேராக ஏறி, ராத்திரி முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டக்காரர்களை ஓரம் கட்டுகிற கூட்டத்தை மட்டும் என்னால் சகிக்க முடிவதில்லை. வெறுங்காலில் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டிய ஒரு ராத்திரியாவது வேகத்தைக் குறைத்தால் என்ன?

கடைசியில் நட்டாலம். குளத்தின் ஒரு பக்கம் மகாதேவர் கோயில், மறு பக்கம் சங்கரநாராயணர் கோயில். களைத்து வருகிறவர்கள் மகாதேவரைக் கும்பிட்டதும் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கதையின் கடைசிக் காட்சியை விட்டுவிட்டதாக ஆகும், சங்கரநாராயணரையும் கும்பிட்டால்தான் கணக்கு நேராகும். மற்றக் கோயில்களில் திருநீறு வாங்கி வந்தவர்களுக்கு இங்கே பிரசாதம் சந்தனம், அதிலேயே சேதி இருக்கிறது.

சிவராத்திரிக் கூட்டம் வேண்டாம், கோயில்களை நிதானமாகப் பார்த்தால் போதும் என்றால், மழை இல்லாத சாதாரண வார நாளில் வாருங்கள். ஒரே நாளில் பன்னிரண்டையும் முடிக்க நினைக்காதீர்கள், உச்சிப் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். மார்த்தாண்டத்தை மையமாக வைத்து முதல் நாள் திருமலை, திக்குறிச்சி, நட்டாலம், இரண்டாம் நாள் காலையில் சீக்கிரமே கிளம்பித் திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, மூன்றாம் நாள் தக்கலையில் தங்கி மற்றவை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் குறைவு. வரிசை கலையுமே என்று கவலைப்பட வேண்டாம், அந்த வரிசை சிவராத்திரி ஓட்டக்காரர்களுக்கு. ஒரு வேட்டியும் துண்டும் மட்டும் பையில் இருக்கட்டும்.